செங்கண்ணி பிரித்த பங்கு

அந்த வருஷம் புரட்டாசியில் மதுரைக்கு மேற்கே ஒரே பேச்சாக இருந்தது. காளவாசலில் சாமி வந்து இறங்கியிருக்கிறது! திருமங்கலத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். ஆனையூரிலிருந்து நடந்தே வந்தார்கள். மீனாட்சியைப் பார்க்கக் கிளம்பிய கூட்டம்கூட, “இங்கன ஒரு கும்புடு போட்டுட்டுப் போயிருவோம்” என்று பாதி வழியில் இறங்கிக்கொண்டது. மீனாட்சி கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

சாமியின் பெயர் உக்கிரபாண்டி. ஜனங்கள் வைத்த பெயர் மைச்சாமி. செங்கல் சூளைகளை ஒட்டிய பொட்டலில் ஓலைக் கொட்டகை. கொட்டகைக்குள் ஒரு புலித்தோல். அந்தப் புலி எந்தக் காட்டில், யார் கையால் செத்தது என்று யாரும் கேட்கவில்லை. தோலின் மேல் சாமி. சாமிக்கு முன்னால் பித்தளை மைச்சிமிழ் ஒன்று, வெள்ளி மைக்குச்சி ஒன்று. பின்னால் மஞ்சள் துணி சுற்றிய ஒரு கல். கல்லின் பெயர் செங்கண்ணி அம்மன். அப்படி ஓர் அம்மனை அந்த வட்டாரத்தில் அதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. அதனாலென்ன? கேள்விப்பட்ட மாத்திரத்தில் கும்பிட்டுவிட்டார்கள்.

மற்றச் சாமியார்களைப்போல நம்முடைய மைச்சாமி மொட்டையாக அருள்வாக்குச் சொல்லிவிட்டுப் போகிறவர் அல்ல. காரணம் காட்டிப் பேசுகிறவர்.

“நோயி என்ன, காத்துல பறந்து வந்து கண்டவன் மேல ஒக்காருதா?” என்று முதல் நாளே கேட்டார். “ஆம்பளைக்கு ஒண்ணு, பொம்பளைக்கு ஒண்ணு, பிள்ளைக்கு ஒண்ணுன்னு ஆத்தா பங்கு பிரிச்சு வச்சிருக்கா. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சிரங்கு. நடவுப் பொம்பளைக்குச் சேத்துப்புண்ணு. கைப்பிள்ளைக்குக் காதுல சீழு. வண்டிக்காரனுக்கு இடுப்புல படை. மாறி வந்திருக்கா? எங்கயாச்சும் மாறி வந்திருந்தாச் சொல்லுங்க, நான் இப்பவே மூட்டையைக் கட்டுறேன்!”

கூட்டம் யோசித்தது. மாறி வந்ததாக ஒருவருக்கும் நினைவில்லை.

கடைசி வரிசையில் நின்ற முத்திருளன் தன்னையறியாமல் இடுப்பைச் சொறிந்துகொண்டான். அவன் சூளைகளிலிருந்து டவுனுக்குச் செங்கல் ஏற்றிப் போகும் வண்டிக்காரன். இடுப்பில் படை. நாலு வருஷமாக இருக்கிறது. இத்தனை கூட்டத்தில் சாமி தன் இடுப்பையல்லவா பார்த்துச் சொல்லிவிட்டது என்று அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த நிமிஷத்திலிருந்து முத்திருளன் மைச்சாமியின் ஆள். சொறிய நகம் இருந்த இடத்தில் சந்தேகப்பட மூளை இருந்திருக்கலாம். என்ன செய்வது, இரண்டில் ஒன்றைத்தான் அவன் அன்றைக்கு உபயோகித்தான்.

சாமி அடுத்து ஒரு குண்டு போட்டார். “இந்த வருசம் ஆத்தா பொம்பளைங்க கண்ணையும் பிள்ளைங்க கண்ணையும் கேக்குறா. கண்நோவு வரும். தெருத்தெருவா வரும். ஆத்தாவோட மையை இட்டுக்கிட்டவுக தப்பிச்சீக.”

மறுநாள் விடியும்போதே பெண்கள் வரிசை சூளை வரைக்கும் நீண்டுவிட்டது. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று எனப் பிள்ளைகள். வரிசையில் முதலாவதாக நின்றவள் ஆனையூர்க்காரி ஒருத்தி. அவளுக்குக் கண் ஏற்கனவே மிளகாய்ப்பழமாகச் சிவந்து, இமையெல்லாம் பீளை. சாமி மனமிரங்கி அவளுக்கு இரண்டு கண்ணிலும் அழுத்தி மை இழுத்தார். அதே குச்சியைச் சிமிழில் தோய்த்தார். அடுத்தவளுக்கு இழுத்தார். திரும்பத் தோய்த்தார். அதற்கடுத்து முத்திருளன் மனைவி முத்துத்தாய். அவள் இடுப்பிலிருந்த மகள் ஒச்சாயி. முதல் ஆளாக வரமுடியவில்லையே, மூன்றாவதாகத்தானே இடம் கிடைத்தது என்று முத்திருளனுக்குக் குறை.

வாரம் திரும்புவதற்குள் சாமியின் வாக்குப் பலித்துவிட்டது. தெருத்தெருவாகக் கண்நோவு. பெண்களும் பிள்ளைகளும் காலையில் இமை ஒட்டிக்கொண்டு எழுந்தார்கள். சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார்கள். ஆண்கள் கண்ணில் ஒரு கீற்றுச் சிவப்பு இல்லை. இத்தனைக்கும் பகலெல்லாம் சூளைப் புகையில் நிற்கிறவர்கள் அவர்கள்தான்!

சூளைக்குப் பக்கத்தில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார்களின் வீட்டு வரிசை. அங்கே பெண்களுக்கும் ஒன்றும் இல்லை. “சிலுவை கும்புடுற வேதக்காரவுக நம்ம ஆத்தா பட்டாவுல வரமாட்டாக” என்றார் சாமி. அடடா, என்ன விளக்கம்!

“மை போட்டும் வந்துருச்சே சாமி?” என்று ஒரு கிழவர் மட்டும் கேட்டுப் பார்த்தார்.

“போடலைன்னா கண்ணே போயிருக்கும்” என்றார் சாமி. கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நோய் வராமலிருக்க ஒரு மை. வந்தபிறகு தீர அதே மை இன்னொரு தடவை. காணிக்கைக்குக் கோழியும் அரிசியும் தேங்காயும் குவிந்தன.

ஆண்களில் ஒரே ஒருவனுக்கு மட்டும் கண் சிவந்தது. அவன் மலையாண்டி. நாடகத்தில் ஸ்திரீபார்ட் போடுகிறவன். வள்ளி, தமயந்தி, சந்திரமதி எல்லாம் அவனே. இது சாமியின் கணக்கில் கொஞ்சம் இடித்தது. சாமி கண்ணை மூடித் திறந்து சொன்னார்: “ஆத்தா அவனைப் பொம்பளைன்னு நெனச்சுட்டா.”

கூட்டம் சிரித்து ஒப்புக்கொண்டது. ஒருவேளை மலையாண்டிக்கு அது பெருமையாகக்கூட இருந்திருக்கலாம்.

இவ்வளவும் வேடிக்கை. இதற்கப்புறம்தான் வேடிக்கை நின்றது.

முத்திருளனுக்கு ஒரு தங்கை. பெயர் தங்கப்பொண்ணு. கல்யாணமாகி இரண்டாம் வருஷமே புருஷனை விஷக்காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். இரண்டு எருமை வைத்துப் பாலும் மோரும் விற்று, யாருக்கும் பாரமில்லாமல் இருந்தாள். கண்நோவு கண்ட நாளிலிருந்து முத்துத்தாய்க்கு அடுப்படி தெரியவில்லை. ஒச்சாயிக்கு வலது கண் வீங்கித் திறக்கவே இல்லை. சமைத்ததும் பிள்ளைக்குப் பீளை துடைத்ததும் தங்கப்பொண்ணுதான். அவள் கண்கள் மட்டும் கழுவிவைத்த வெண்கலப் பாத்திரம்போலப் பளிச்சென்று இருந்தன.

இதைவிட ஒரு குற்றம் வேண்டுமா?

நோய் இறங்குவதாகக் காணோம். ஜனங்கள் முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார்கள். சாமிக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. புதன்கிழமை பூசையில் உடுக்கைக்காரன் ஒருவன் அடிக்க, உடம்பை முறுக்கிக்கொண்டு கத்தினார்: “எல்லார் கண்ணும் சிவந்திருக்கையில எவ கண்ணு வெளுத்திருக்கு? அவதான்டா குடுத்தவ! மூளி ஒருத்தி, கட்டின புருசனையும் முழுங்கிட்டு, இப்ப உங்க வீட்டுக் கண்ணையெல்லாம் முழுங்க வந்திருக்கா!”

அத்தனை சிவந்த கண்களும் ஒரே பக்கம் திரும்பின. தங்கப்பொண்ணு மோர்ப்பானையோடு நின்றிருந்தாள்.

தெருவில் வேறு கைம்பெண்களும் இருந்தார்கள். எல்லாரும் கிழவிகள். அவர்கள் கண்ணும் சுத்தமாகத்தான் இருந்தது. கிழவிகளை ஆத்தா கணக்கில் சேர்ப்பதில்லை என்று சாமி சொல்லிவிட்டார்.

தீர்ப்பும் அங்கேயே ஆயிற்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊர் பார்க்கத் தங்கப்பொண்ணு கண்ணில் ஆத்தாவின் மையை இழுப்பது. அவள் சுத்தமானவளானால் கண் அப்படியே இருக்கும். சிவந்துவிட்டால், தலையை மழித்து வைகைக்கு அக்கரையில் கொண்டுபோய் விட்டுவிடுவது. திரும்பத் தெருவுக்குள் கால் வைக்கக்கூடாது. தெருப் பெரியவர்கள் தலையாட்டினார்கள். முத்திருளனைப் பார்த்து, “என்னப்பா, சரிதானே?” என்றார்கள்.

முத்திருளன் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. மூடிக்கொண்டான். அதையே சம்மதமென்று எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டில் முத்துத்தாய் கண்ணில் ஈரத்துணியோடு மூலையில் உட்கார்ந்து பொருமினாள். “எம் பிள்ளைக்குக் கண்ணுல பூ விழுந்துட்டா யாரு கட்டுவா? ஒங்க தங்கச்சியை வச்சுக் கும்புடுங்க!”

“மதினி, நான் பிள்ளையைத் தொடலாமா கூடாதா? அதை மட்டும் சொல்லு” என்றாள் தங்கப்பொண்ணு. “பீளை காய்ஞ்சு கெடக்கு.”

முத்துத்தாய் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பிள்ளை, “அத்தே, அத்தே” என்று அழுதது. தங்கப்பொண்ணு வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்துவிட்டாள். பிறகு வழக்கம்போல அடுப்புச் சாம்பல் போட்டுக் கையை முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினாள். பால் கறக்கிற கை. முத்திருளன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, மாட்டுக்கு வைக்கோல் போடுகிற சாக்கில் வெளியே போய்விட்டான். தன்மேல் தனக்கே அருவருப்பாக இருந்தது. என்றாலும் சாமி சொன்னது இடுப்புவரை பலித்திருக்கிறதே!

மறுநாள் காலை பிள்ளைக்கு வீக்கம் இன்னும் ஏறியிருந்தது. தங்கப்பொண்ணு யாரையும் கேட்கவில்லை. ஒச்சாயியைத் தோளில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் கிளம்பினாள். முத்திருளன் வண்டியைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே போனான். தங்கை நடக்க, தான் வண்டியில் போவது கேவலமாகத் தோன்றியதால் ஏற்றிக்கொண்டான்.

டாக்டர் கிருபாகரன் எல்.எம்.பி. படித்தவர். சைக்கிளில் வருவார். காளவாசலில் ஒரு ஓட்டு வீட்டில் அவருடைய மருந்துக்கடையும் ஆஸ்பத்திரியும் ஒன்றாகவே இருந்தன. உள்ளே நுழைகிறவனின் காலைப் பார்த்தே பேச ஆரம்பிக்கிற ஆசாமி.

“நாத்து நட்டியா ஆத்தா? சேத்துப்புண்ணு. மருந்தைத் தடவிட்டு ரெண்டு நாளைக்கு ஈரத்துல எறங்காத” என்று ஒருத்தியை அனுப்பினார். அடுத்து நின்ற முத்திருளனைப் பார்த்தார். “வண்டிக்காரரா? இடுப்புல படை இருக்குமே.”

முத்திருளன் வெலவெலத்துப் போனான். “ஒங்களுக்கும் ஆத்தா சொல்றாளாய்யா?”

“ஆத்தா எதுக்குய்யா? ஒரே கோவணத்தை வேர்வையோட ராவும் பகலும் கட்டிக்கிட்டு வண்டியில ஒக்காந்திருந்தா, எனக்கே வரும். நாத்து நடுற வேலையை ஆம்பளைக்குக் குடுத்துப் பாரு, சேத்துப்புண்ணு ஆம்பளைக்கு வரும். சிரங்கு ஏன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு வருது? ஒருத்தன் மேல ஒருத்தன் ஒக்காந்து படிக்குது. நோயி ஆம்பளை பொம்பளை பாக்கிறதில்லை. யாரு என்ன செய்யிறாக, யாரு யாரைத் தொடுறாகன்னுதான் பாக்குது.”

சாமி சொன்ன அதே பட்டியல். ஆனால் இதில் அம்மனைக் காணோம். முத்திருளனுக்கு இடுப்பு அரித்தது; முதல் தடவையாகச் சொறியாமல் நின்றான்.

டாக்டர் பிள்ளையின் இமையை விலக்கிப் பார்த்தார். “பூ விழல. இன்னும் விட்டிருந்தா விழுந்திருக்கும்” என்றார். போரிக் தண்ணீரில் பஞ்சு நனைத்துக் கழுவிச் சொட்டு மருந்து விட்டார். ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பஞ்சு. பிறகு தங்கப்பொண்ணு கண்ணைப் பார்த்தார். “பிள்ளையை நீதான் பாத்துக்கிறியா? ஒனக்கு எப்படி வரல?”

“அதைத்தான் ஊரே கேக்குது” என்றாள் தங்கப்பொண்ணு. வெள்ளிக்கிழமை விஷயத்தைச் சொன்னாள். அழவில்லை. சொல்லி முடித்தபோது மட்டும் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பெஞ்சில் அப்போது இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவன் மலையாண்டி. இன்னொருத்தி மிஷன் பள்ளிக்கூட டீச்சர் இன்னாசியம்மாள். முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு, தூசி விழுந்துவிட்டது என்று வந்திருந்தாள்.

“ரெண்டு கண்ணுலயுமா டீச்சர் தூசி விழுந்துச்சு?” என்றார் டாக்டர். “அந்த அம்மன் பட்டாவுல நீங்க இல்லைன்னு சொன்னாகளே!”

டீச்சர் குரலைத் தாழ்த்தினாள். “ஒரே ஒரு தடவை, அந்தி மசங்கின நேரத்துல முக்காடு போட்டுக்கிட்டுப் போனேன். மனசுக்குள்ள ஜெபம் சொல்லிக்கிட்டேதான் டாக்டர் போட்டுக்கிட்டேன்!”

“மலையாண்டி, நீ?”

“கண்ணுக்கு எடுப்பா இருக்கும்னு...” என்று இழுத்தான் தமயந்தி.

தங்கப்பொண்ணு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, தனக்குத்தானே பேசுகிறவளைப்போலச் சொன்னாள். “தாலியறுத்தவளுக்கு மை ஏது? பொட்டு வேணாம், பூ வேணாம், மை வேணாம்னு அன்னைக்கே தொடச்சு விட்டாக. மீசை வச்ச ஆம்பளைக்கு மை ஏது? வாத்தியார் வீட்டுப் பொம்பளைக எவ மை இடுறா? இட்ட டீச்சருக்கு வந்துருச்சு. ஆம்பளையில இட்ட இவனுக்கு வந்துருச்சு.” சட்டென்று அண்ணன் பக்கம் திரும்பினாள். “அண்ணே, மூளின்னு மையை மறுத்தீக. அந்த மறுப்புதான் எங் கண்ணைக் காப்பாத்தியிருக்கு. அந்தக் கண்ணைக் காட்டியே என்னைய வெரட்டப் பாக்குறீக!”

முத்திருளனுக்கு முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. ஆனையூர்க்காரியின் பீளையும், அந்தக் குச்சியும், மூன்றாவதாக நின்ற தன் மகளும் கண்முன் வந்தார்கள். ஆனாலும் விசுவாசம் இலேசில் விடுமா? “அப்ப சாமி கண்ணு? அவரும் தெனமும் மை இழுத்திருக்காரே! அவருக்கு ஏன் வரல?” என்று கேட்டான், பெரிய முடிச்சைப் போட்டுவிட்டவனாக.

“நல்ல கேள்வி” என்றார் டாக்டர். “அதே சிமிழா? அதே குச்சியா? நீ பாத்தியா?”

முத்திருளன் யோசித்தான். பார்த்ததில்லை. நாள் கணக்காகக் கூடவே கிடந்தவன், அதை மட்டும் பார்த்ததில்லை.

“நீங்களே வந்து சொல்லிருங்களேன் ஐயா.”

“நான் வேதக்காரன். மருந்து விக்கிறதுக்காகச் சொல்றாம்பாக. அவுக கண்ணால பாக்கணும்யா.”

“பாக்கட்டும்” என்றாள் தங்கப்பொண்ணு. “எங் கண்ணுல இழுக்கிறதுக்கு முன்னாடி அவரு கண்ணுல இழுக்கட்டும்.”

வெள்ளிக்கிழமை பொட்டலில் எள் போட இடமில்லை. சோதனை என்றால் சும்மாவா! திருமங்கலத்திலிருந்து பொரிகடலைக்காரன் வந்துவிட்டான். ராட்டினம் ஒன்றுதான் பாக்கி. உடுக்கை முழங்கியது, சாம்பிராணி கிளம்பியது. சாமி புதிதாக வந்திருந்த பெண்களுக்கு முதலில் மை இழுத்து முடித்தார். அதே குச்சி, அதே சிமிழ். ஓரத்தில் டாக்டர் கிருபாகரன் ஒரு பெரிய போரிக் தண்ணீர்ப் பானையோடு சைக்கிளைச் சாய்த்து நின்றிருந்தார்.

“வாடி மூளி!” என்றார் சாமி.

தங்கப்பொண்ணு முன்னால் போய்க் கைகூப்பினாள். “சாமி, ஆத்தா மையை மொதல்ல நான் வாங்குறது மரியாதையில்லை. நீங்க ஒங்க கண்ணுல ஒரு இழுப்பு இழுத்துட்டு, அதே கையோட எங் கண்ணுல இழுங்க. சரின்னு ஏத்துக்கிறேன்.”

“நியாயமான பேச்சுத்தானே!” என்றது கூட்டம். பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

சாமி புன்னகை செய்தார். “அதுக்கென்ன, ஆத்தா கொடுத்த மையி” என்று அவர் சொல்லும்போதே, கை பழக்கத்தில் மடிக்குப் போயிற்று. மடியிலிருந்து ஒரு சின்னக் கொம்புச் சிமிழ் வந்தது. அதற்கென்று ஒரு குச்சி. இரண்டும் துடைத்துச் சுத்தமாக இருந்தன.

முத்திருளன் எப்போது முன்னால் வந்தான் என்று அவனுக்கே தெரியாது. சாமியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். “அது என்ன சாமி தனிச் சிமிழு?”

“இது... இது குருவுக்கு உரியது. கையை எடுடா.”

“ரொம்ப நல்லதாப் போச்சு. குருவுக்கு உரியது சுத்தமாத்தானே இருக்கும்? அதை எந் தங்கச்சிக்குப் போடுங்க. ஊருக்கு உரியதை நீங்க போட்டுக்கங்க.”

சாமிக்கு ஆவேசம் வந்துவிட்டது. ஆபத்துச் சமயத்தில் தவறாமல் வருகிற ஆவேசம்! உடம்பை உதறினார், பல்லைக் கடித்தார், “ஏய்! சூளையில வச்சுச் சுட்ருவேன்! ஒங் குலம் வெளங்காது! ஒம் பிள்ளை கண்ணு அவிஞ்சு போகும்!” என்று உறுமினார். கூட்டம் பத்தடி பின்னால் போயிற்று. பிள்ளை என்றதும் முத்திருளனின் பிடி தளர்ந்தது. ஆமாம், தளர்ந்தது. இத்தனை கேட்ட பிறகும்கூட. பயம் என்பது அப்படிப் பழகிய விருந்தாளி. போ என்றால் உடனே போவதில்லை.

தங்கப்பொண்ணு அண்ணனைப் பார்த்தாள். புதன்கிழமை வாயைத் திறந்து மூடிக்கொண்டவனை அவளுக்குத் தெரியும்.

முத்திருளன் பித்தளைச் சிமிழை எடுத்தான். வெள்ளிக் குச்சியை நன்றாகத் தோய்த்தான். “மாப்ள, சாமிக்கு ஒத்தாசை பண்ணுடா” என்றான் மலையாண்டியிடம். சந்திரமதி சிவந்த கண்களோடு பாய்ந்து வந்து சாமியின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. குச்சி மெல்ல மெல்லச் சாமியின் கண்ணை நெருங்கிற்று.

ஆவேசம் பட்டென்று இறங்கியது. அம்மன் இறங்கி, வெறும் உக்கிரபாண்டி அலறினான்.

“வேணாம்ப்பா! வேணாம்! ஒட்டிக்கிரும்!”

உடுக்கைக்காரன் கை அப்படியே நின்றுவிட்டது.

கூட்டத்தின் ஓரத்திலிருந்து முத்துத்தாய் எழுந்தாள். கண்ணில் வைத்திருந்த ஈரத்துணியைக் கீழே போட்டாள். இடுக்கிய கண்ணோடு நெருங்கி வந்து கேட்டாள். “என்ன ஒட்டிக்கிரும்?”

உக்கிரபாண்டி விழித்தான்.

“ஒம் மைதானே? ஆத்தா மைதானே? அதுல என்ன ஒட்டிக்கிரும்? எம் பிள்ளைக்கு இழுத்தியே, அப்ப ஒனக்கு இது தெரியுமா?”

உக்கிரபாண்டி கொம்புச் சிமிழை மடிக்குள் திணித்தான். அதுவே பதில். பிறகு நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. தேங்காய் காணிக்கை கொடுத்தவர்கள் சிலர் அதைத் தூக்கித் திரும்ப எறியப் பார்த்தார்கள். டாக்டர் குறுக்கே விழுந்து, “அவனை விடுங்கய்யா, அப்புறம் அவனுக்கும் நான்தான் கட்டுப் போடணும்” என்றார். தள்ளுமுள்ளில் பானைத் தண்ணீர் புலித்தோலில் கொட்டியது. கோடுகளெல்லாம் கரைந்து ஓடின. பார்த்தால், நாலு ஆட்டுத்தோல்களை ஒட்டுப்போட்டுத் தைத்தது! எந்தக் காட்டுப் புலி என்ற கேள்விக்கு ஒருவழியாக விடை கிடைத்தது.

தங்கப்பொண்ணுக்கு அவன் சொன்ன தண்டனையே அவனுக்கு. முத்திருளன் செங்கல் வண்டியில் ஏற்றி வைகைக்கு அக்கரையில் இறக்கிவிட்டு வந்தான். இறங்கும்போது உக்கிரபாண்டி, “படைக்கு எங்கிட்ட நல்ல விபூதி இருக்குப்பா” என்றானாம்.

முத்திருளன் திரும்பி வந்தபோது பொட்டலில் இன்னொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. டாக்டர் மிச்சத் தண்ணீரை வைத்து வரிசையாகக் கண் கழுவிக்கொண்டிருந்தார். வரிசை அங்கே பாதிதான். மறுபாதி தங்கப்பொண்ணுக்கு முன்னால் நின்றது. ஒருத்தி கற்பூரம் ஏற்றிவிட்டாள். “ஆத்தா, நீதான் செங்கண்ணி! எங் கண்ணைத் தொட்டு விடு!” என்று இரண்டு பேர் காலில் விழுந்து கிடந்தார்கள். இரண்டு நாள் முன்பு அவள் தலையை மழிக்கத் தலையாட்டிய பெரியவர் கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

தங்கப்பொண்ணு காலை இழுத்துக்கொண்டாள். கற்பூரத்தை ஊதி அணைத்தாள்.

“புதன்கிழமை நான் பேயி. வெள்ளிக்கிழமை நான் அம்மனா? நடுவுல வியாழக்கிழமைன்னு ஒண்ணு இருந்துச்சே, அன்னைக்கு நான் மனுசியா இருந்தேன். அப்ப ஒருத்தராவது வந்து, ஏன் தங்கப்பொண்ணு, ஒனக்கு மட்டும் எப்படி வரலன்னு கேட்டீகளா? எழுந்திருங்க! போயிக் கையைச் சாம்பல் போட்டுக் கழுவுங்க. கண்ணைத் தொறந்துவிட டாக்டரு இருக்காரு. தொறந்த கண்ணால பாக்க வேண்டியது நீங்கதான்.”

முத்திருளன் அவள் பக்கத்தில் போய் நின்றான். மன்னிப்புக் கேட்க நினைத்தான். வார்த்தை அன்றைக்கும் வரவில்லை. ஆனால் வாயை மூடிக்கொள்ளாமல், “வீட்டுக்கு வா தாயி” என்று ஊர் கேட்கச் சொன்னான். முத்துத்தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் தெரியாததாலா, வேறு காரணத்தாலா என்று நாம் கேட்க வேண்டாம்.

ஐப்பசி பிறப்பதற்குள் எல்லார் கண்ணும் தெளிந்துவிட்டது. ஒச்சாயி பிள்ளைகளோடு ஓடித் திரிந்தாள். முத்திருளனுக்கு இடுப்புப் படைகூட வாடத் தொடங்கியது. இப்போது அவனுக்கு மூன்று கோவணம், மூன்றும் வெயிலில் காய்கின்றன.

தீபாவளிக்குச் செங்கல் ஏற்றிக்கொண்டு போனவன் திருமங்கலத்துச் செய்தி ஒன்று கொண்டுவந்தான். அங்கே புதிதாக ஒரு சாமியார் வந்திருக்கிறாராம். ஒரே பாத்திரத்துத் தீர்த்தத்தை எல்லாரும் எச்சில் படக் குடித்தால் பிள்ளைகளுக்குக் கக்குவான் இருமல் வராதாம். கூட்டம் தாங்கவில்லையாம். காளவாசல் ஜனங்களும் நிறையப் பேர் வரிசையில் நின்றார்களாம்.

முத்திருளன் அவர்கள் கண்ணை உற்றுப் பார்த்தானாம். எல்லாருக்கும் கண் நன்றாகத்தான் இருந்ததாம்.